சம்பந்தியோடு ஒரே சஹனில்

ஊசியைப் போட்டது நான்தான். சந்திரகிரி தாண்டியதும் காரை ஓரங்கட்டி, அத்தாவின் சட்டையை ஒதுக்கி, வயிற்றில் இன்சுலினை ஏற்றினேன். அக்காவின் மாமனார் வீடு திருப்பதியில். இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடுவோம், போனதும் சாப்பாடு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. இன்சுலின் ஏற்றிவிட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை சடசடவென்று இறங்கி, வியர்த்து, நாக்கு குழறி, ஆள் விழுந்துவிடுவார். ஒருமுறை அப்படி விழுந்திருக்கிறார்.

அக்காவுக்கு நிக்காஹ் முடிந்து சம்பந்தி வீட்டில் முதல் விருந்து. சந்தோஷமாகப் போக வேண்டிய பயணம். சித்தூரில் கார் ஏறியதிலிருந்து யாரும் சரியாகப் பேசவில்லை.

காரணம் அத்தாவின் வலது கை. பக்கவாதம் வந்து, பேச்சு திரும்பியது, நடையும் ஓரளவு திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. விரல்கள் லேசாக மடங்கும், அவ்வளவுதான். வெல்ல மண்டியில் ஒரு கட்டியை உடைத்து நசுக்கிப் பார்த்தே விலை சொன்ன கை அது. வெல்லத் தரகனுக்கே சர்க்கரை வியாதி என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர், கை போனதும் சிரிப்பையும் விட்டுவிட்டார்.

இடது கையால் சாப்பிடுவது அவருக்கு ஆகாது. எனக்கும் அக்காவுக்கும் சோறு பிசையத் தெரியாத வயதிலேயே, இடது கை தட்டுக்குப் போனால் சுளீரென்று ஒன்று விழும். பிஸ்மி சொல்லு, வலது கையால் எடு, உன் பக்கத்திலிருந்து எடு. வீட்டில் தினமும் கேட்ட பாட்டு இது. அதனால் பக்கவாதத்துக்குப் பிறகு அவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டார். அம்மா தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். அவர் சாப்பிடுவதை நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

எனக்கு இதில் பொறுமை கிடையாது. காரணம் இருந்தால் இடது கை ஆகும், தடை இல்லை. பள்ளிவாசல் இமாமிடம் கேட்டாயிற்று, போனில் இரண்டு பெரிய ஆலிம்களின் பேச்சும் இருந்தது. பாகாலா தாண்டும்போது ஒன்றைப் போட்டே காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு அத்தா சொன்னார்:

“சட்டம் எனக்கும் தெரியும்டா. அந்தப் போன்ல பேசிக்கினு இருக்கிறவரு என்கூட ஒரே சஹன்ல உக்காந்து துன்னப் போறாரா?”

சஹன் என்பது அகலமான பெரிய தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே சாப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாண விருந்து என்றால் மேசை, இலை, இப்போதெல்லாம் பஃபே. சம்பந்தி வீட்டில் இன்னும் சஹன்தான். சம்பந்தியும் லேசான ஆள் இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சித்தப்பாவின் குழந்தை இடது கையால் பிஸ்கட்டை எடுத்தது. பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிட்டு, பிஸ்கட்டை வாங்கி வலது கையில் வைத்து, “இந்தக் கையில கண்ணு” என்ற பிறகுதான் பேச்சைத் தொடர்ந்தார். அத்தாவுக்கு அன்றைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. நல்ல குடும்பம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இப்போது அதே பிஸ்கட்தான் அவர் தொண்டையில் நின்றது. பக்கவாதம் வந்தது அவர்களுக்குத் தெரியும். கை போனது தெரியாது. நிக்காஹ் அன்று முழுக்க அத்தா கையைச் சால்வைக்குள்ளேயே வைத்திருந்தார்.

அம்மா ஒரு வழி செய்திருந்தாள். அக்காவிடம் போனில் சொல்லி, அத்தாவுக்கு மட்டும் உள்ளறையில் சாப்பாடு. அந்த நம்பிக்கையில்தான் அவர் ஊசிக்கே சம்மதித்தார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த ஏற்பாடு உடைந்துவிட்டது. மாமனாரிடம் விஷயத்தைச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. “சுகமில்ல, தனியா சாப்புடுவாங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

“ரண்டி ரண்டி, வாங்க சம்பந்தி! தனியா துன்றீங்களாமே? எங்க வூட்டுக்கு வந்து தனியா துன்றதுக்கு நாங்க இன்னா ஓட்டலா வச்சிருக்கோம்?” என்று சிரித்தபடி சம்பந்தி அத்தாவின் தோளை அணைத்துக் கூடத்துக்குள் கூட்டிப்போய்விட்டார். அவர் பிடித்தது இடது தோளை. அத்தா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது கோபம் இல்லை. தண்ணீரில் கால் நழுவியவன் கரையைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கூடத்தில் வெள்ளை விரிப்பு, நாலு நாலு பேராக ஆட்கள். அத்தா, சம்பந்தி, சம்பந்தியின் அண்ணன், நான். எங்கள் நாலு பேருக்கும் நடுவில் சஹன் வந்து இறங்கியது. பிரியாணி குவியல், மேலே கறி, ஓரத்தில் கத்தரிக்காய்ப் பச்சடி. ஆவி முகத்தில் அடித்தது. அக்காவின் கணவர், என் மச்சான், கை கழுவக் கெண்டியோடு வந்தார். அத்தா இடது கையால் வலது கையைத் தூக்கித் தாம்பாளத்தின் மேல் வைத்தார், இரண்டு கையையும் சேர்த்துக் கழுவுவது போல. மச்சான் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். தண்ணீரை ஊற்றினார்.

பிறகு யாரும் அசையவில்லை. சபையில் மூத்தவர், அதிலும் விருந்தாளி, முதலில் கை வைக்க வேண்டும். அவர் வைக்கும் வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். அதுதான் முறை. மூத்தவர் அத்தா.

“சம்பந்தி, நீங்க வச்சாத்தான் நாங்க.”

அத்தாவின் மடியில், மறுபடி இழுத்துவிட்ட சால்வைக்குள், கை கிடந்தது. நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது. யோசிக்கவே இல்லை, சட்டென்று ஒரு கவளத்தை உருட்டி அவர் வாய்க்கு நீட்டினேன். அத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சம்பந்தியின் அண்ணன் சிரித்தார். “இன்னாப்பா, பெரியவரு வைக்கிறதுக்குள்ள கைய வுட்டுட்டே? இன்ஜினீரிங் காலேஜ்ல இத சொல்லித் தரலியா?”

“இல்ல மாமு, அத்தாவுக்குக் கை…”

“சும்மா இரு.” அத்தாவின் குரல்தான். ஆனால் ‘சும்மா’ பாதி குழறி வந்தது. சர்க்கரை இறங்குகிறது. எழுந்து உள்ளே ஓடிச் சர்க்கரை டப்பாவைத் தூக்கி வரலாமா? எல்லோர் முன்னாலும் அவர் வாயில் அள்ளிக் கொட்டினால் பிழைத்துக்கொள்வார். ஆனால் இந்த வீட்டுப் படியை இனி மிதிக்க மாட்டார். அக்கா இங்கேதான் வாழ வேண்டும். உள்ளறைத் திரைக்குப் பின்னால் அவள் நிற்பது, அடியில் எட்டிப்பார்த்த கால் விரல்களில் தெரிந்தது.

அத்தா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். அடுத்தவர் பொருளைத் தூக்குவது போல அந்தக் கையைத் தூக்கி, சஹனில் தன் பக்கத்துச் சோற்றில் வைத்தார். “பிஸ்மில்லாஹ்.” விரல்கள் மெதுவாக மடங்கின. கொஞ்சம் சோறு, ஒரு துண்டுக் கறி. கை மேலே ஏறியது. மார்பு வரை வந்தது. அங்கே இடது கைப்பிடி வழுக்கி, வலது கை தொப்பென்று விழுந்தது.

சோறு சிதறியது. விரிப்பில், சம்பந்தியின் முழங்காலில், அவருடைய வெள்ளைச் சட்டையின் ஓரத்தில். கறித்துண்டு உருண்டு அவர் பக்கம் போய் நின்றது. பக்கத்து சஹனில் பேச்சு அடங்கியது.

சம்பந்தி அத்தாவின் கையைப் பார்த்தார். இப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது என்பது முகத்திலேயே தெரிந்தது. குனிந்தார். விரிப்பில் கிடந்த கறித்துண்டை எடுத்து, ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார். பிறகு முழங்காலில் இருந்த பருக்கைகள். ஒவ்வொன்றாக. கீழே விழுந்த உணவை எடுத்துத் துடைத்துச் சாப்பிட வேண்டும் என்று எங்கள் அத்தாவே எத்தனையோ முறை சொன்னதுதான். எந்தப் பருக்கையில் பரக்கத், அதாவது இறையருள், இருக்கிறதென்று தெரியாது என்பார்.

“இன்னா சம்பந்தி,” என்றார் மென்றுகொண்டே, “பரக்கத்தெல்லாம் எங்க பக்கமே தள்ளி வுடுறீங்க? உங்களுக்கும் கொஞ்சம் வச்சிக்குங்க.”

அண்ணன்காரர் குபீரென்று சிரித்தார். சம்பந்தி தன் கையைச் சோற்றில் வைத்துப் பிசைந்தார். பிசைந்த கையோடு மகனைப் பார்த்து, “சர்பத் எடுத்தா, தொண்ட காயுது” என்றார். சர்பத் வந்தது. வலது கை முழுக்க நெய்யும் சோறும். அதனால் எல்லோரும் எப்போதும் செய்வதைப் போலவே இடது கையால் தம்ளரைப் பிடித்து, வலது புறங்கையை அதன் அடியில் ஒட்டி வைத்துக் குடித்தார். அப்படித் தொட்டால் வலது கையால் குடித்ததாகக் கணக்கு. அண்ணன்காரரும் அப்படியே. நானும்.

அத்தா தம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் தன் தம்ளரை எடுத்தார். மடியில் கிடந்த வலது கையின் புறத்தில் அதை ஒருமுறை தொட்டு எடுத்துக் குடித்தார். ஒரு மடக்கு, மூச்சு. மறுபடி ஒரு மடக்கு. அந்தத் தட்டைச் சுற்றி நாலு பேரும் ஒரே மாதிரிதான் குடித்தோம். தம்ளர் காலியானதும் நான் ஊற்றினேன், அதையும் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் நெற்றி காய்ந்தது. மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார். இந்த முறை பாதி வாய்க்குப் போனது, பாதி சிந்தியது. சிந்தியது சம்பந்தியின் பக்கம் போனால் அவர் எடுத்துக்கொண்டார், என் பக்கம் வந்தால் நான். நகரி பக்கம் மழை, புத்தூர் சாலையில் டிராபிக் என்று பேச்சு எங்கெங்கோ போனது.

மற்ற சஹன்கள் முடிந்தன. ஆட்கள் எழுந்து கை கழுவினார்கள். அண்ணன்காரருக்கும் எனக்கும் வயிறு முட்டிவிட்டது. யாரும் எழவில்லை. கூட உட்கார்ந்தவர் சாப்பிடும்போது நாம் கையை எடுத்துக்கொண்டால் அவர் கூச்சப்பட்டுப் பாதியில் எழுந்துவிடுவார். சம்பந்தியின் கையில் ஒரு நல்லி எலும்பு. அதில் எப்போதோ எல்லாம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் அதைத் திருப்பித் திருப்பிக் கடித்துக்கொண்டே இருந்தார். உறிஞ்சினார், தட்டினார், மறுபடி உறிஞ்சினார்.

அத்தா தன் பக்கத்தைச் சுத்தமாக முடித்துவிட்டு நிமிர்ந்தார். அந்த எலும்பையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அதுல இன்னா இருக்குதுன்னு இவ்ளோ நேரமா கடிச்சிகினு இருக்கிறீங்க, சம்பந்தி? வுடுங்க. நான் முடிச்சிட்டேன்.”

“முடிச்சிட்டீங்களா? அல்ஹம்துலில்லாஹ்!” எலும்பைப் போட்டுவிட்டுக் காலை நீட்டினார் சம்பந்தி. “எனக்குக் காலு மரத்தே போச்சி.”

அத்தா சிரித்தார். மண்டியில் சிரிக்கிற அதே பெரிய சிரிப்பு. திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மச்சானிடமிருந்து கெண்டியை நான் வாங்கிக்கொண்டேன். அத்தா இடது கையால் வலது கையைத் தூக்கித் தாம்பாளத்தின் மேல் நீட்டினார். இந்த முறை சால்வை தோளிலிருந்து நழுவியதை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.