சீறக் கூடாத வால்வு

பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளில் பிராசஸ் இன்ஜினியராக இருந்த என் பிழைப்பே 'கூடாது' என்று சொல்வதுதான். இதைத் திறக்கக் கூடாது, அதைச் சூடாக்கக் கூடாது. இப்படிச் சொல்கிறவனோடு யார் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்? கேன்டீனில் என் எதிர் நாற்காலி பெரும்பாலும் காலிதான். ஓய்வு பெற்றுத் திண்டிவனம் வந்தபோது மனைவியும் உயிரோடு இல்லை. மிச்சம் இருந்தது கிளியனூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பாடு. அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் கணவர் மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், சுத்திகரிக்கும் சின்ன ஆலை வைத்திருக்கிறார். ஆயுத பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். பாய்லருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தேன். நீராவி அளவு மீறினால் தானே திறந்து வெளியே விடவேண்டிய சேஃப்டி வால்வை, திறக்க முடியாதபடி இரும்புத் துண்டு வைத்து இறுக்கியிருந்தார்கள். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"போன வருஷம் கற்பூரம் காட்டும்போது புஸ்ஸுன்னு சீறிச்சு மச்சான். அபசகுனம்னு பேசினாங்க. அதான் டைட் பண்ணி வச்சிருக்கோம். பூஜை முடிஞ்சதும் கழட்டிடுவோம்" என்றார் தங்கையின் கணவர்.

"மாப்ள, நெருப்ப அணைங்க. இப்பவே."

"நல்ல நேரம் முடியப்போவுது மச்சான். ஜல்தியா தீபாராதனை காட்டிட்டு..."

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். வேலைக்காரர்கள் முதலாளியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அடுப்பில் எரிந்த மல்லாட்டைத் தோலை நானே கம்பியால் வெளியே இழுத்துப்போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பூஜையன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால்.

"மானத்த வாங்கிட்டியேண்ணா" என்றாள் தங்கை. கையில் கற்பூரத் தட்டு அப்படியே இருந்தது.

எதுவும் வெடிக்கவில்லை. அதனால் நான் செய்தது சரி என்று காட்ட என்னிடம் எதுவுமே இல்லை. அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில்தான் சாப்பிட்டேன். அழுகையாக வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவளே போன் செய்தாள்.

"புது வால்வு போட்டாச்சுண்ணா. ஆள் வந்து டெஸ்ட்டும் பண்ணிட்டாரு."

"சந்தோஷம்மா. ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"



"வேணாண்ணா. அவரு இன்னும் கோவமாதான் கீறாரு. நீ வந்தா பேஜாராயிடும்."

அப்படியானால் நீயாவது வந்துவிட்டுப் போம்மா என்று கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது.

"எந்த அழுத்தத்துல திறக்குதுன்னு பார்த்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.