அம்மா பெயர் இல்லாத காகிதம்

குதிரையைக் கீழே விழவைத்துவிட்டு மறைத்தார் என்று என் தாய்மாமாவை ஊருக்குத் திருப்பியனுப்பத் தயாரானபோது எனக்கு ஒன்பது வயது. மாமா துபாயில் ஒரு லாயத்தில் வேலைபார்த்தார். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண்குதிரை அவர் பொறுப்பு. கொஞ்ச நாளாக அது பின்னங்கால்களைப் பின்னிக்கொண்டு தடுமாறியது. ஈரத்தரையில் வழுக்க விட்டிருப்பான் என்று மேனேஜர் முடிவுகட்டிவிட்டார். 'கலாஸ்', முடிந்தது என்று டிக்கெட் போடுவதுதான் பாக்கி.

அம்மா அதே ஊரில் விலங்குகளுக்கான லேபில் டெக்னீஷியன். வெள்ளிக்கிழமை எங்கள் ஃபிளாட்டுக்கு வந்த மாமா ஒரு மணிநேரம் புலம்பினார். அதில் அம்மாவின் காதில் ஏறியது ஒன்றுதான்: குதிரைக்கு ஒரு பக்கத்துப் பின்சதை மட்டும் வற்றியிருக்கிறது.

"லேய், டாக்டர்ட்ட சொல்லி ரத்தம் எடுக்கச் சொல்லு. அமெரிக்காக் குதிரைக்குத் தண்டுவடத்துல ஒட்டுண்ணி ஏறும்."

டாக்டரும் எடுத்தார். அந்த ஒட்டுண்ணிக்கு எதிரான ஆன்டிபாடி இரத்தத்தில் இருப்பதாக ரிசல்ட் வந்தது. மாமா ஜெயித்துவிட்டார் என்று நான் மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா சிரிக்கக்கூட இல்லை.

"இது போதாது. அந்தக் கிருமி ஒருக்கா உள்ள வந்துட்டுப் போயிருந்தாலும் ரத்தம் இப்படித்தாம் சொல்லும். முதுகுத்தண்டுத் தண்ணியிலயும் இருக்கணும்."

மறுபடி டாக்டர் வந்தார். மாமா தலையைப் பிடித்துக்கொள்ள, குதிரையின் இடுப்புக்குமேல் நீள ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். அந்தச் சோதனைக்குழாய் அம்மாவின் லேபுக்குப் போகுமுன் மாமா போனில் கெஞ்சினார்.

"நீயே பாருக்கா. என் சோலிய அடுத்தவன் கையில குடுக்காத."

"நான் தொடவே மாட்டேம்ல" என்று அம்மா போனை வைத்துவிட்டாள். கூட வேலைபார்த்த சூடான்காரர்தான் சோதித்தார். சொந்தத் தம்பிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்துச் சொல்ல மனமில்லாத அம்மாவோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் லேப் ரிசல்ட் காகிதத்தோடு வந்த மாமா கதவைத் தட்டவில்லை, இடித்தார். தண்டுவடத் தண்ணீரிலும் ஆன்டிபாடி ஏராளம்! குதிரை விழவில்லை, நோயில் தடுமாறியது. ஒரு மாதம் வாயில் மருந்துப் பசை கொடுத்தால் தேறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அம்மா "ஸ்தோத்திரம்" என்று சொல்லி முகம் கழுவப் போனவள் வெகுநேரம் வரவில்லை.

அப்புறம் பரோட்டாவும் கோழியும் வந்தன. மாமா மேனேஜரைப்போல் நடித்துக்காட்டினார்.

"நீ அங்க வேலை பாக்கது அவனுக்குத் தெரியும்க்கா. காகிதத்தத் திருப்பித் திருப்பி உன் பேரத் தேடுனாம் பாரு... எங்க இருக்கு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சதையைச் சொன்னதும் அம்மா, ரத்தம் போதாது என்றதும் அம்மா. மேனேஜரே தேடியும் அவள் பெயர் இல்லையென்றால் எப்பேர்ப்பட்ட அநியாயம்! காகிதம் சனிக்கிழமை மாமாவின் அரபு முதலாளியான கபீல் கையில் போய்ச் சேர வேண்டியது. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சூடான்காரரின் கையெழுத்துக்குக் கீழே, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்தில், அம்மாவின் முழுப்பெயரை எழுதினேன். நாலாம் வகுப்பு என்பதால் பென்சில்தான்.

நல்லவேளை, அம்மா பார்த்துவிட்டாள். என் ரப்பரையே பிடுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக அழித்தாள். கடைசித் துகளையும் ஊதிவிட்டுக் காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகுதான் மாமாவுக்கு மூச்சே வந்தது. என்னை ஏனோ அடிக்கவில்லை. இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கபீல் அதைப் பார்த்தார். குதிரை தேறி மறுபடி ஓடியது. மாமா அந்த லாயத்திலேயே இன்னும் பல வருடம் இருந்தார். அந்த வெற்று இடம்தான் அவரை அங்கே இருத்தியது என்று எனக்கு அன்று தெரியாது. அம்மாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.