மச்சினனின் பென்டிரைவ்

போன திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கண் விழிக்க மறுத்துவிட்டது.

பட்டனைத் தட்டினேன். உள்ளே விசிறி சுழன்றது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பு. அதன் மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு, இமைத்து... இமைத்து... விடியாத வயல்வெளியில் யாரோ ஒருவன் டார்ச்சை அணைத்து அணைத்து அடிப்பதுபோல.

"என்னங்க, தொறந்திருச்சா?" சமையலறையிலிருந்து கோமதி கேட்டாள்.

"தொறக்குது, தொறக்குது."

திறக்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் தினேஷைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தினேஷ், கோமதியின் தம்பி. என் மச்சினன். அலோர் ஸ்டார் பட்டணத்தில் நல்ல வேலை. நான் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி நிறுத்தும் இடத்தில் அவன் ஸ்டீரிங்கின் ஒரே திருப்பில் காடியைச் சொருகிவிடுவான். தலையில் முடி அப்படியே இருக்கிறது. அவன் வந்தால் வீட்டில் நண்டுக் குழம்பு. எனக்கும் நண்டு பிடிக்கும் என்பது, அவன் வராத நாட்களில் கோமதிக்கு ஏனோ ஞாபகம் வருவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு தினேஷ் இருப்பான். இல்லையென்று சொல்லாதீர்கள்!

பொறாமைக்குக் கிட்டப்பார்வை என்பது என் அபிப்பிராயம். எங்கோ இருக்கும் கோடீஸ்வரனை அது கண்டுகொள்வதே இல்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து நண்டுக் காலை உடைக்கிறானே, அவனைத்தான் பிடித்துக்கொள்ளும்.

அப்படியொரு மேசையில்தான் அவன் சொன்னான். "என் கம்ப்யூட்டர் பட்டனத் தட்டி ஒக்கார்றதுக்குள்ள தொறந்துக்கும் மாமா. ஒங்களுது ஏன் இப்படி இழுக்குது? லினக்ஸ் போட்டுக்குங்க லா. நான் வந்து மாத்தித் தர்றேன்."

எங்களுடையதைத் தட்டிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வரலாம். உண்மைதான். ஆனால் அதை அவன் சொல்லலாமா? அதற்குக் கோமதி தலையாட்டலாமா?

"நீ வர வேணாம். அது இருக்கிற பென்டிரைவ மட்டும் குடுத்துட்டுப் போ. நானே போட்டுக்கிறேன்."

போட்டேன். வீடியோக்களைப் பார்த்து, நிறுத்தி, மறுபடி பார்த்து, ஒரு வாரம் போராடினேன்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு குட்டி நிரல் உண்டு. பட்டனைத் தட்டியதும் முதலில் விழிப்பது அதுதான். அது விழித்துத்தான் மற்றவர்களை எழுப்பும். பழைய குட்டியை நானே என் கையால் அழித்தேன். புதியதைப் பதிக்கும்போது, எந்த டிஸ்கில் என்று திரை கேட்டது. முதலில் தெரிந்ததைத் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தினேஷ் சாப்பிட வந்தான். அவன் எதிரில் பட்டனைத் தட்டினேன். மளமளவென்று எழுத்துகள் ஓடின. திறந்துகொண்டது!

"பரவால்லையே மாமா!"

அந்தப் 'பரவால்லையே'வை அன்று முழுக்க நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன். அவன் புறப்படும்போது கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கம் குனிந்து தன் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அவன் பொருள். அவன் எடுத்துப் போகிறான். அதில் என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருந்தது.

திங்கட்கிழமை... கறுப்புத் திரை... வெள்ளைக் கோடு. வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். ஒவ்வொரு விசையாக அழுத்தி, எந்தெந்த அமைப்புகளுக்குள்ளோ போய் வந்தேன். ஒரு முறை லேசாகத் தட்டிக்கூடப் பார்த்தேன், பழைய டிவியைத் தட்டுவதுபோல.

அப்போது வாசலில் சாந்தி அக்காவின் மோட்டார் சத்தம்.

கோமதி வீட்டிலிருந்தே கல்யாணக் கார்டு வடிவமைத்துத் தருகிறவள். எங்கள் ஊர் பாடாங் செராய் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணங்கள் எங்கள் வீட்டு ஹாலைத் தாண்டித்தான் மண்டபத்துக்குப் போகின்றன. சாந்தி அக்கா மகளின் கார்டு முடிந்து, மதியம் அச்சுக்குப் போக வேண்டும். அதற்கப்புறம் அச்சகத்தில் இரண்டு வாரத்துக்கு இடமில்லை.

"கோமதி, மோசம் போச்சு!" ஹெல்மெட்டைக் கழற்றாமலே அக்கா உள்ளே வந்தார். "கார்டுல எங்க அண்ணன் பேரு இல்ல. தாய்மாமன் பேரு இல்லாம கார்டு அடிச்சா மனுசன் மண்டபத்துக்கு வருவாரா? மாதிரிக் கார்டப் பாத்துட்டு நேத்தே என் போன எடுக்கல!"

"பதட்டப்படாதீங்கக்கா. ஒரு வரிதானே? இப்பவே சேத்துடலாம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரையைப் பார்த்தேன். திரை என்னைப் பார்த்து இமைத்தது.

"அண்ணே, என்ன ஆச்சு?" அக்கா கேட்டார்.

"கொஞ்சம்... முழிக்க நேரமாகுது."

கோமதி கைப்பேசியை எடுத்தாள். யாரை அழைப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

ஸ்பீக்கரில் தினேஷின் குரலோடு காற்றும் படகுச் சத்தமும் வந்தன. ஆபீஸ் நண்பர்களோடு லங்காவித் தீவுக்குப் போகிறானாம். கோலா கெடா படகுத்துறை ஜெட்டியில் நிற்கிறான். கோமதி சொன்னதைக் கேட்டான்.

"அக்கா, மாமாகிட்ட சொல்லு. அந்தக் குட்டி நிரல டிஸ்குல போடாம என் பென்டிரைவுலயே போட்டுட்டாரு. அது செருகியிருந்தாத்தான் தொறக்கும்."

புரிகிறதா? என் வீட்டுக் கம்ப்யூட்டர். என் வீட்டு மின்சாரம். ஆனால் கண் விழிக்க வேண்டுமென்றால் என் மச்சினன் சட்டைப் பையிலிருந்து உத்தரவு வர வேண்டும்!

"எனக்கு மத்தியான ஃபெரிதான். அதுக்குள்ள மாமா இங்க வந்தா வாங்கிக்கலாம்" என்றான்.

கோமதி காடிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். அந்தச் சாவியில் ஐஸ்கட்டியின் குளிர் இருந்தது.

வடக்கே நெடுஞ்சாலை. ஜெராய் மலை தலையில் மேகத் துண்டைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தது. அதைத் தாண்டினால் வயல், வயல், வயல்... வானம் இறங்கி வந்து குளிக்கும் பச்சை. வேறு நாளாக இருந்தால் வண்டியை ஓரம் கட்டி நாலு வரி எழுதியிருப்பேன். அன்று மனசுக்குள் ஒரே வரிதான்: அவன் சிரிப்பான். நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு சிரிப்பான்.

ஜெட்டியில் மீன் வாடை, டீசல் வாடை. கறுப்புக் கண்ணாடியில் தினேஷ். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். என்னைக் கண்டதும் அவர்களை விட்டுத் தனியே வந்தான். பென்டிரைவை என் கையில் வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ரெண்டு டிஸ்க் காட்டியிருக்கும் மாமா. மேல இருந்ததத் தட்டிட்டீங்களா?"

"ம்."

"எல்லாரும் பண்றதுதான். நானும் மொத வாட்டி அதத்தான் பண்ணேன்."

பிறகு நண்பர்கள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னான். "எங்க மாமா. எழுத்தாளர். வாராவாரம் பத்திரிகையில எழுதுறாரு. இந்தப் பக்கம் வேலையா வந்தவரு, நம்மள வழியனுப்ப வந்துட்டாரு."

அவர்கள் எழுந்து கை கொடுத்தார்கள்.

இதற்கு அவன் சிரித்தே இருக்கலாம்! கெட்டவன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சுகம்... திட்டலாம், தூங்கலாம். நல்லவன்மேல் பட்டுப் பாருங்கள். பசியாறியது கூடச் செரிக்காது.

திரும்பி வந்தபோது சாந்தி அக்கா மூன்றாவது டம்ளர் தேநீரில் இருந்தார். ஹெல்மெட் மடியில். பென்டிரைவைச் செருகினேன். எழுத்துகள் ஓடின. திறந்தது. கோமதி என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். 'தாய்மாமன்' என்று அடித்து, பெயரை அடித்து, அக்காவிடம் காட்டினாள்.

"கொஞ்சம் பெருசா போடு கோமதி. எங்கண்ணன் கண்ணாடி போடாமத் தேடுவாரு."

பெரிதாகப் போட்டாள். அனுப்பினாள். அச்சகத்திலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வந்த பிறகுதான் அக்கா ஹெல்மெட்டை மாட்டினார்.

சாயங்காலம் லங்காவிக் கடற்கரையிலிருந்து தினேஷ் வீடியோவில் வந்தான். "ரெண்டே வரி மாமா. நான் சொல்லச் சொல்ல அடிங்க. குட்டிய டிஸ்குக்கு மாத்திடலாம். அப்புறம் பென்டிரைவே வேணாம்."

நான் நாற்காலியை இழுத்தேன்.

"மாத்த வேணாம்" என்றாள் கோமதி.

"என்ன வேணாம்?"

"இப்படியே இருக்கட்டும். பென்டிரைவ் என்கிட்ட இருக்கும்." கையை நீட்டினாள். "ஏங்க, நான் ஒன்னு கேக்கறேன். இது யாரு கம்ப்யூட்டரு?"

நான் தினேஷைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்தான்.

கார்டு வடிவமைத்த காசில் அவள் வாங்கியது. இந்த வாரப் பத்தியில் எத்தனை இடத்தில் 'எங்கள்', 'என்' என்று எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள். அவள் பிழைப்பு ஓடும் பொருளை நடுவில் வைத்துத்தான் நானும் அவள் தம்பியோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறேன். மாற்றட்டுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

"எழுதணும்னா கேளுங்க. தர்றேன்" என்றாள்.

கேட்டுத்தான் வாங்கினேன், இதை எழுத. முடித்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தினேஷ்மேல் இப்போது பொறாமை அவ்வளவாக இல்லை. இந்தக் கட்டைவிரல் அளவு பென்டிரைவ்மேல்தான். கோமதியின் சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டு பாசார், கோயில், சாந்தி அக்கா வீடு என்று ஊரெல்லாம் சுற்றி வருகிறது... கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னை அவள் இவ்வளவு இடத்துக்குக் கூட்டிப் போனதே இல்லை!