பாகீரதியின் கொம்புக்காரர்கள்

ஐரோலி பஸ் செம்பூரில் வந்து நின்றதும் கூட்டம் இடம் பிடிக்கப் பாய்கிறது. பாகீரதி மட்டும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, காதுகளுக்கு மேலே இரண்டு கைகளையும் அகல விரித்துப் பார்க்கிறார். ஒரு கை கம்பியில் இடிக்கிறது. “நேரா நுழைய முடியாது. ஒருக்களிச்சுத்தான் வரணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். “மாவ்ஷி, ஆத் சலா!” என்று கண்டக்டர் மராத்தியில் கத்திய பிறகுதான் உள்ளே போகிறார். கண்டக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. ஐம்பது தாண்டிய பெண்மணி தலையில் இல்லாத கொம்புக்கு இடம் பார்க்கிறார் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

இன்ஷூரன்ஸ் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கியவருக்கு இப்போது ஐரோலியில், கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. அவர்களுடைய விளையாட்டில் ஒரு கற்பனை உலகம். அதில் கொம்பு முளைத்த போர்க்குடி ஒன்று. மருப்பர் என்று பெயர். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பது பாகீரதியின் பொறுப்பு. வேறு யாராக இருந்தாலும் கோடாரி, ரத்தம், கர்ஜனை என்று நாலு பக்கம் எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இந்த அம்மாளுக்கு முதலில் வந்த சந்தேகம், மருப்பன் சட்டையை எப்படி மாட்டிக்கொள்வான் என்பது.

தலை வழியாக மாட்ட முடியாது. ஆகவே மருப்பர் உடையெல்லாம் தோளில் முடிச்சுப் போடுகிற உடை. தலையணை ஒத்துவராது, கழுத்துக்கு அடியில் ஓர் உருட்டுக்கட்டை. அந்தப் பரிசோதனை கணவர் வைத்தீஸ்வரனின் கழுத்தில்தான் நடந்தது, பாவம். மருப்பப் பிள்ளை பிறக்கும்போது கொம்பு கிடையாது. பெற்றவள் பாடு என்ன ஆவது என்று பாகீரதி அந்த விஷயத்தில் கறாராக இருந்துவிட்டார். முதல் பல்லோடுதான் முதல் கொம்பும் எட்டிப் பார்க்கும். போருக்குப் போகிறவன் தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வீழ்ந்த எதிரியின் முகத்தை மூடாமல் அடுத்தவன் மேல் பாயக் கூடாது. சனிக்கிழமை தவறாமல் கொம்புக்கு நல்லெண்ணெய்.

“நம்மாத்து வழக்கத்தைக் கொண்டுபோய் அவா தலையில கட்டறியேடீ!” என்றார் வைத்தீஸ்வரன், கழுத்தைத் தடவிக்கொண்டே.

“எண்ணெய் தேய்ச்சுக்காம யுத்தத்துக்குப் போனா உஷ்ணம் ஏறாதோ?”

வைத்தீஸ்வரன் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இத்தனையிலும் பாகீரதிக்கு உயிர், மருப்பர் புது மனிதர்களை வரவேற்கும் முறை. தலையை முன்னால் தாழ்த்தினால் முட்ட வருகிறான் என்று அர்த்தம். அதனால் அந்த ஊரில் குனிந்து வணங்குகிற பேச்சே இல்லை. முன்பின் தெரியாதவன் எதிரே வந்தால், கொம்பு அவன் மேல் படாதபடி தலையை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்து, கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். வந்தவன் வெட்டாமல் நின்றால் அவன் விருந்தாளி. வழிவிட்டுத் தண்ணீர் கொடுப்பார்கள்.

விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும் குழுவில் ஒருவர்கூட நிற்கவில்லை. “செம ஈசி ஆன்ட்டி. அவனே கழுத்தக் காட்டுதான், ஒரே போடு!” என்றார் ராஹில். தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். குழுவிலேயே கை வேகம் அவருக்குத்தான்.

மேலாளர் பத்ரி மாட்டுங்காவில் வளர்ந்த பிள்ளை, தன்மையாகத்தான் பேசுவார். “மாமி, நிக்கறதுக்கு யாருக்குப் பொறுமை இருக்கு? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். ஒருத்தராவது தண்ணி குடிக்கற எடத்துக்குப் போகலேன்னா, அது கட். மருப்பாள்லாம் வெறும் வில்லன். வந்தா வெட்டு, அவ்வளவுதான்.”

“அப்ப அவா வீடு, வாசல், கொழந்தைகள்?”

“எல்லாமே போயிடும் மாமி.”

சொந்தக்காரர்களை நடுத்தெருவில் நிறுத்துகிற மாதிரி இருந்தது பாகீரதிக்கு. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ராஹிலிடம் ஒரு வார்த்தை ஜாடையாகச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்று வைத்தீஸ்வரன் யோசனை சொன்னார். “சொல்லிக் குடுத்து நின்னா அது டிரில்லு. மரியாதை இல்லை” என்று பாகீரதி மறுத்துவிட்டார். அப்படி ஒரு பிடிவாதம்.

வெள்ளிக்கிழமை மதியம் பாகீரதி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வந்து சோதனைக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றார். பார்க்கப் பார்க்க மருப்பர் விழுந்துகொண்டே இருந்தார்கள். ராஹிலின் திரையிலும் ஒருவன் குகை வாசலில் வந்து நின்றான். ராஹில் கோடாரியை ஓங்கிய சமயத்தில் அவருடைய போன் அடித்தது.

“சொல்லுங்கம்மா...” கையிலிருந்த கண்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டார். “எந்த டாக்டரு? ரிப்போர்ட்டு வந்துட்டா? ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாருல்லா? அப்ப ஏன் அழுதிய?”

உம்மாவைச் சமாதானப்படுத்த நேரம் பிடித்தது. திரையில் மருப்பன் தலையைச் சாய்த்து, கழுத்தைக் காட்டிக்கொண்டு காத்திருந்தான். பிறகு விலகி வழிவிட்டான். குகைக்குள்ளிருந்து ஒரு மருப்பப் பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து தண்ணீர்க் குவளையை நீட்டினாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பத்ரி தன் அறையிலிருந்து எழுந்து வந்தார்.

ராஹில் அப்போதுதான் திரையைப் பார்த்தார். “ம்மா, பொறவு பேசுதேன்” என்று போனை வைத்தார். கண்ட்ரோலரை எடுக்கவில்லை.

“இவன் அடிக்கவே இல்லியே ஆன்ட்டி! இம்புட்டு நேரமும் சும்மா நின்னானா?” குரல் இறங்கிப் போயிருந்தது. “பதிலுக்கு நான் என்ன செய்யணும்? எந்தப் பட்டனு?”

பாகீரதி தலையை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்து, அவருக்குக் கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.