பெஞ்சு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஏரிக்கரைப் பூங்காவுக்கு ஒரு தொண்டர் சங்கம் இருந்தது. ஞாயிறு காலை ஆறரைக்குப் பணி தொடங்கும் என்று அறிவிப்போம். ஏழு பத்துக்குத் தொடங்குவோம். ஏழே முக்காலுக்கு இட்லி வந்துவிடும். இடைப்பட்ட முப்பத்தைந்து நிமிடத்தில் இயற்கையைக் காப்பாற்றினோம். கரையில் கிடந்த கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தது எங்கள் முதல் சாதனை. தாங்கள் அழுக்காக இருப்பது அதுவரை அந்தக் கற்களுக்கே தெரியாது.

நான் செயலாளர். வேலைப் பட்டியலும் மினிட் நோட்டும் என் பொறுப்பு. ஒரு வாரம் "கரையோரக் கோரையை வெட்டுதல்" என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடும் இட்டேன். யோசனை தலைவருடையது. மில்லில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கோரை மறைப்பதால் பறவைகள் தெரியவில்லையாம். வெட்டிவிட்டு அங்கே ஒரு பெஞ்சு போட்டால், வருகிறவர்கள் உட்கார்ந்து பறவை பார்க்கலாமாம். பறவைகள் அந்தக் கோரைக்குள்தான் குடியிருக்கின்றன என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதைச் சொன்னவர், எருமைக்குப் புல் அறுக்கத் தினமும் கரைக்கு வரும் ஒரு பெண். நாங்கள் அரிவாளோடு இறங்குவதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்த மூலையில கை வெச்சுப்போடாதீங்க. தண்ணிக்கோழி அடை படுத்திருக்குதுங்க."

கோரையை விலக்கிக் காட்டினார். ஐந்து முட்டைகள்.

"எத்தனை நாள்ல பொரிக்குமுங்க?"

"இப்பத்தானுங்க படுத்திருக்குது, மூணு வாரம் ஆவுமுங்க. பறவைக்குன்னு சங்கம் வெச்சுட்டு என்னையக் கேக்கறீங்களே!"

தலைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"முட்டைதானுங்களே? வேற எடத்துல போய் இட்டுக்குமுங்க. நாம அதைப் பாக்கறதுக்குத்தானே வெட்டறோம்?"

மினிட் நோட்டு முழுவதும் எனக்கு மனப்பாடம். கூட்டத்தில் பேசப்பட்ட எந்த வேலையும் எங்கள் சங்கத்தில் நடந்ததே இல்லை. பேசாமல் செய்தவை மட்டுமே நடந்திருந்தன. சுண்ணாம்பு அப்படித்தான்.

"வெட்டிப்போடலாங்க. ஆனா பெஞ்சு எந்தப் பக்கம் பாத்துப் போடறதுன்னு தீர்மானம் ஆகலீங்களே? அது தெரியாம எந்தக் கோரையை வெட்டறதுங்க?"

தலைவர் அரிவாளைக் கீழே வைத்தார். "அதுவுஞ் சரிதானுங்க."

திசைக்கே இரண்டு ஞாயிறு போனது. கிழக்கு என்றால் காலை வெயில் கண்ணில் அடிக்கும். மேற்கு என்றால் மாலை வெயில். அடுத்த ஞாயிறு, பெஞ்சுக்குச் சாய்வு வேண்டுமா என்ற விவாதம். சாய்வு இருந்தால் தூங்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் பெரியவர்கள் உட்கார முடியாது. அத்தனையையும் நான் வரிசை எண் போட்டு எழுதினேன். கூட்டம் முடிந்ததும் கரைக்குப் போய் முட்டைகளை எண்ணினேன்.

"இன்னும் ஒரு வாரம் பேச முடியுமுங்களா?" என்று புல்கட்டுடன் நின்ற அந்தப் பெண் கேட்டார்.

"எங்களால எத்தனை வாரம் வேணும்னாலும் பேச முடியுமுங்க அம்மணி."

பெருமை பேசியிருக்கக் கூடாது. நான்காவது ஞாயிறு, பெஞ்சைக் கிழக்குப் பார்த்து, சாய்வோடு, சிமெண்டில் கட்டலாம் என்று பத்தே நிமிடத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சங்க வரலாற்றில் அப்படி ஒரு விபத்து நடந்ததில்லை. அரிவாள்கள் எழுந்தன. நான் எல்லோருக்கும் முன்னால் அந்த மூலைக்கு ஓடினேன். கூட்டில் உடைந்த ஓடுகள்தான் கிடந்தன. கோரைக்கு வெளியே, தாய்க்குப் பின்னால் ஐந்து கறுப்புக் குஞ்சுகள் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தன.

தலைவர் பூரித்துப்போனார். "பாத்தீங்களா! நாம சுண்ணாம்பு அடிச்ச பொறவு பறவையெல்லாம் தேடி வருதுங்க. நோட்டுல எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

"குஞ்சுக பொழுதோட இந்தக் கோரைக்குள்ளதானுங்க வந்து அடையும்" என்று அந்தப் பெண் என் காதருகே சொன்னார். அதற்குள் தலைவர் கால்சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசமுங்க," என்றேன். "பெஞ்சுக்கு என்ன பெயிண்டுங்க?"

பச்சை என்றார் ஒருவர். ஏரிக்கரையில் நீலம்தான் எடுப்பு என்றார் இன்னொருவர். தலைவர் அரிவாளைக் கீழே வைத்தார். நான் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.