தேடினால் வராத மனுக்கள்

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், எதுவானாலும் அடித்துக் கொடுப்பேன். முன்பு தங்கையும் என்னோடு இருந்தாள். அவள் ஃபைலுக்கு வைக்கும் பெயர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். மஞ்சள் புடவை. இருமல் தாத்தா. சில்லறை கேட்டவர். வந்த ஆளின் அடையாளத்தைத்தான் வைப்பாள். அவளுக்கு மட்டும்தான் புரியும்.

வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் போய்விட்டாள். எனக்குத் தலத்தெருவில் வீடு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயந்திரம் கடையைப் பூட்டினால் மறுநாள் திறக்கும்வரை பேச ஆளில்லை. பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை; அப்படித்தான் இருக்கிறது. யாராவது பழைய மனு கேட்டால் தங்கைக்குப் போன் போடுவேன். ஃபைல் பெயரைச் சட்டென்று சொல்லிவிட்டு, வைத்த குழம்பிலிருந்து மாமியார் வரை பேசுவாள்.

அதற்கும் வேட்டு வைத்தான் அவள் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பொங்கலுக்கு வந்தவன் கடையில் உட்கார்ந்து கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தான். கம்ப்யூட்டர் எல்லா ஃபைலையும் படித்து, எந்தச் சொல் எந்த ஃபைலில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டது. இனி இன்னொரு வரியில் சொல்லைக் கொடுத்தால் போதும், அது உள்ள ஃபைலெல்லாம் வரும் என்றான். குடும்ப அட்டை என்று அடித்துப் பார்த்தேன். கண் சிமிட்டுவதற்குள் வந்தது. யார் கேட்டார்கள் இதை?

“இனிமே எங்கம்மாவைத் தொந்தரவு பண்ண வேணாம் பெரிம்மா” என்றான் சிரித்துக்கொண்டே.

போன் செய்யக் காரணம் போய்விட்டது. சும்மா கூப்பிட்டுப் பேச எனக்கு வராது. என்ன விஷயம் என்று கேட்டால் என்ன சொல்வது? அவளும் கூப்பிடவில்லை. மாதக்கணக்கில் பேச்சில்லை.

அப்புறம் பட்டினச்சேரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். புயலில் படகு உடைந்தபோது இங்கே அடித்த மனுவின் நகலை இப்போது அலுவலகத்தில் கேட்கிறார்களாம். படகு என்று தேடினேன். புது மனுக்கள் வந்தன, இவருடையது இல்லை. அவர் பெயரைப் போட்டேன். ஒன்றுமில்லை. அப்போதுதான் உறைத்தது. அந்த நாளில் நாங்கள் அடித்ததெல்லாம் பழைய தமிழ் ஃபான்ட். நம் கண்ணுக்குத் தமிழ். கம்ப்யூட்டருக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை.

தங்கைக்குப் போன் போட்டேன்.

“இறால் கொண்டாந்து குடுத்தாங்களே, அந்தம்மாவா? இறால் வாளின்னு போட்டிருப்பேன் பாரு. அதைத் தின்னுட்டு நீ வயித்தால போய்க் கெடந்தியே.”

இருந்தது. நகலை வாங்கிக்கொண்டு அந்த அம்மா போன பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். வைக்கும்போது, மகனிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல்கிறேன் என்றாள்.

சாயந்திரமே அனுப்பிவிட்டான். பழைய ஃபைலையெல்லாம் புது எழுத்துக்கு மாற்றும் புரோகிராம். ஒரு வரி அடித்தால் எல்லாம் தேடலில் வந்துவிடுமாம். அடித்தேன். என்டரைத் தட்டவில்லை. அடித்த வரியை அழித்தேன். ஓடியதா என்று கேட்டான். ஓடியது என்றேன்.

அடுத்த வாரம் இன்னொருவர் பழைய மனு கேட்டு வந்தார். போன் போட்டேன்.

“அதான் எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னானேக்கா?”

“அவனுக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டு வரி மனு, காது கேக்காத ஒருத்தர். என்ன பேரு வெச்ச, நீ சொல்லு.”