பால் கலந்த கிணறு

லிங்கிப் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துப் படிக்கிணற்றைத் தூர் வாருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சிரம்பானிலிருந்து நானும் போனேன். மலாயாவுக்குக் கப்பலேறி வந்த முதல் ஆட்கள், தங்கள் ஊரில் இருந்ததுபோலவே படி வைத்துக் கட்டிய கிணறு அது. படிக்கு ஒருவராக நின்று சேற்று வாளியைக் கைமாற்றினோம். என் கைக்கு வந்த வாளியின் ஈரமண் வாடை முகத்தில் அடித்ததும், எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

ரப்பர் பால் எடுத்த வாளியோடு யாரும் முதல் படியைத் தாண்டக்கூடாது என்பது தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கட்டுப்பாடு. குடிக்க அந்த ஒரு கிணறுதான். அம்மாவுக்கு உதவுவதாக நினைத்து, பால் வாளியை நான் கடைசிப் படிவரை கொண்டுபோய் முக்கிக் கழுவினேன். தண்ணீர் வெளுத்தது. மறுநாள் ஒரே புளித்த நாற்றம்.

பாலெடுக்க மரம் வெட்டிக் களைத்து வந்தவர்கள், இப்படித்தான் படிக்கு ஒருவராக நின்று பொழுது சாயும்வரை இறைத்தார்கள். யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா மட்டும் என் கவுனில் காய்ந்திருந்த பாலை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டு, "போய் வெளையாடு" என்றார்.

இன்று அதே அக்கா, தலை நரைத்து, எனக்கு மேல்படியில் நிற்கிறார்.

"அக்கா, அன்னிக்கிப் பாலக் கலந்தது நான்தான்னு ஒங்களுக்கு மட்டுந்தானே தெரியும்?"

"லயத்துக்கே தெரியும் லா," என்றார். "அதான் யாரும் கேக்கல. வாளியக் குடு."